தாயைத் தேற்றுவது யார் கடன்?

"தோட்டத்துப் பெற்றோருக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது."

மலையகப் பாடசாலைகளின் ஆசிரியர் அறைகளிலும், அட்டன், நுவரெலியா நகர மண்டபங்களில் நடைபெறும் 'விழிப்புணர்வு'க் கூட்டங்களிலும் இவ்வாக்கியம் ஓயாது ஒலித்துக்கொண்டிருக்கிறது. பிள்ளை பாடசாலைக்கு ஒழுங்காக வருவதில்லையா? பெற்றோரின் அசிரத்தை. பிள்ளை மெலிந்து குறுகி நிற்கிறதா? பெற்றோரின் அறியாமை. பதினைந்து வயதிலே கொழும்புக் கடையொன்றுக்கு வேலைக்குப் போய்விட்டானா? பெற்றோரின் பணத்தாசை. தாய் பிள்ளையை அடிக்கிறாளா? அது அவர்களுடைய வழக்கம். இவ்வாறு எல்லா வினாக்களுக்கும் ஒரே விடையைக் கையில் வைத்துக்கொண்டு, நம் அறிவாளிகள் சிலர் கவலையின்றி உறங்குகின்றனர்.

முழுப் பொய்யை எதிர்ப்பது எளிது. பாதி உண்மையை எதிர்ப்பதே கடினம். லயங்களிலே பிள்ளைகள் அடிபடுகின்றனர் என்பது உண்மை. குடித்துவிட்டு வரும் தந்தைக்கு அஞ்சி இஸ்தோப்பின் மூலையில் ஒடுங்கும் சிறுவர்கள் இருக்கின்றனர் என்பதும் உண்மை. அவற்றை மறைப்பது முற்போக்காளரின் பணி அன்று. உழைக்கும் மக்களைத் தெய்வங்களாக்கிக் கும்பிடுவதும், விலங்குகளாக்கி இகழ்வதும், ஆகிய இரண்டுமே அவர்களை மனிதராக மதியாத செயல்கள். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. பிள்ளையின் மனத்தை வளர்க்க வேண்டியவள் தாய் என்கிறீர்கள், நன்று. அந்தத் தாயின் மனத்தைத் தாங்க வேண்டியவர் யார்?

இதை எழுதுகிறவனும் இக்குற்றத்திலிருந்து தப்பியவன் அல்லன். பல ஆண்டுகளுக்கு முன்னர், தோட்டப் பாடசாலையொன்றில் கற்பித்த காலத்தில், பத்து வயதுப் பையன் ஒருவன் காலிலே தழும்புடன் வகுப்புக்கு வந்தான். தாயை அழைத்துவரும்படி சொல்லியனுப்பினேன். மறுநாள் பதினொரு மணியளவில், மலையிலிருந்து இறங்கிய கோலத்தோடு, இடுப்பிலே கட்டிய படங்கையும் அவிழ்க்காமல் அவள் வந்து நின்றாள். சக ஆசிரியர் நால்வர் முன்னிலையில் அன்பைப் பற்றி அவளுக்கு நான் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினேன். "பெற்றால் மட்டும் போதுமா?" என்றுகூடக் கேட்டேன். தரையையே பார்த்துக்கொண்டிருந்த அவள் கடைசியில் சொன்னாள்:

"அடிச்சிட்டு நானும் அழுவுறேன் சேர். லயத்துல அழுவுறதுக்குக்கூட எடமில்ல. மாமியா இருக்காங்க, வளந்த பொண்ணு இருக்கு. பீலிக்கரைக்குப் போயித்தான் அழணும். அங்கயும் நாலு பேரு தண்ணி புடிக்க நிப்பாங்க."

சற்று நேரம் பொறுத்து, "நான் போகவா சேர்? இன்னைக்கு அரைப்பேரு ஆயிரும்" என்றாள்.

அவள் போனாள். என் சொற்பொழிவைக் கேட்க அவள் அரைநாட் சம்பளத்தைக் கொடுத்திருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்று நான் கற்பித்தது ஒன்றுமில்லை, கற்றுக்கொண்டது உண்டு. அழுவதற்கு இடமில்லாத ஒருத்தியிடம் பொறுமையைப் பற்றிப் பேசுவது அறிவுடைமை ஆகாது.

அவளுடைய ஒரு நாளை எண்ணிப் பாருங்கள். விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, தேத்தண்ணி வைத்து, பீலியில் தண்ணீர் பிடித்து, கைக்குழந்தையைப் பிள்ளைக் காம்பராவில் ஒப்படைத்துவிட்டுப் பிரட்டுக்குப் போகிறாள். பனியிலும் மழையிலும் செங்குத்தான மலையில் அட்டைக் கடியோடு நாள் முழுவதும் நிற்கிறாள். குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்கத் தவறினால் முழுப்பேர் விழாது. மாலையில் நிறுவை முடிந்து வீடு திரும்பினால், பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவிலே இரண்டாவது வேலைநாள் தொடங்குகிறது. வெள்ளையர் காலத்தில் தனியாட்களை அடைப்பதற்கெனக் கட்டப்பட்ட அந்த வரிசை அறைகளுள் இன்றும் மூன்று தலைமுறைகள் ஒன்றாகப் படுத்துறங்கும் குடும்பங்கள் பல. 2015ஆம் ஆண்டிலே தோட்டத் தொழிலாளர் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டுக் கிளர்ந்தெழுந்தனர். அந்த ஆயிரம் 2021ஆம் ஆண்டிலேதான் சட்டப்படி கிட்டியது. அது கைக்கு வந்த மறு ஆண்டே நாட்டின் பொருளாதாரம் சரிந்து, மாவின் விலையும் அரிசியின் விலையும் அதை விழுங்கிவிட்டன. 2024 செப்டம்பரில் அது 1350 ரூபாயாக உயர்ந்தது. போராடிப் பெறும் ஒவ்வொரு ரூபாயும் கைக்கு வருமுன்னரே தேய்ந்துவிடுகிறது.

இத்தகைய நாளின் முடிவில், இரவு எட்டு மணிக்கு, பால் கொட்டிவிட்ட பிள்ளையின் முதுகிலே விழுகின்ற அடி எங்கிருந்து வருகிறது? அன்பு இல்லாமையிலிருந்தா? அன்று. இளைத்த உடலும் கவலை அரித்த மனமும் தம்மை அடக்கும் ஆற்றலை இழந்துவிடுகின்றன. நீண்ட கால மனச்சோர்வு, தன் குழந்தையின் அழுகைக்கும் சிரிப்புக்கும் உடனுக்குடன் முகங்கொடுக்கும் திறனைத் தாயிடமிருந்து பறித்துவிடும் என்பது மனோதத்துவம் நிறுவிய உண்மை. கொழும்பின் மாளிகையில் வாழும் பெண்ணுக்கும் இது நேரும். ஆனால் அவளுக்கு மூடிக்கொள்ளக் கதவுள்ள அறை உண்டு. குழந்தையை வாங்கிக்கொள்ள ஆயா உண்டு. பெரும்பாலும் அந்த ஆயாவும் மலையகத்திலிருந்து வந்தவளே! ஒருத்தியின் ஓய்வு மற்றொருத்தியின் பிள்ளையிடமிருந்து பிடுங்கப்பட்ட ஓய்வாக அமைந்திருப்பதே இச்சமுதாயத்தின் அமைப்பு.

"அவர்களுடைய பெற்றோரும் பாட்டன்மாரும் இப்படித்தானே வளர்த்தார்கள்?" என்று சிலர் கேட்பர். வரலாறு அறியாதவர் கேள்வி இது. கோப்பித் தோட்டங்களுக்கென இம்மக்கள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டதன் இருநூறாவது ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. அந்த இருநூறு ஆண்டுகளில் எத்தனை முறை இக்குடும்பங்கள் பிய்த்தெறியப்பட்டன என்பதை எண்ணியவர் எத்தனை பேர்? 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று மனிதரைத் தேயிலைப் பெட்டிகளைப்போல் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதியைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்தது. 1974ஆம் ஆண்டின் ஒப்பந்தம் அந்த எச்சத்தையும் சரிபாதியாக வெட்டியது. தாய் அந்தக் கரையில், மகள் இந்தக் கரையில். அண்ணன் இந்தியக் கடவுச்சீட்டோடு, தங்கை இலங்கைப் பிரஜையாக. தலைமன்னாருக்குக் கோச்சி புறப்பட்ட நிலையங்களெல்லாம் ஒப்பாரிக் களங்களாயின.

இதற்கும் பிள்ளை வளர்ப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். நேரடியான தொடர்பு உண்டு. இளந்தாய்க்கு முதல் மருத்துவர் அவளுடைய தாய். பிள்ளை இரவெல்லாம் அழும்போது, "இது எல்லாப் பிள்ளைக்கும் உள்ளதுதான், நீ கொஞ்சம் தூங்கு, இங்கே கொடு" என்று கைநீட்டி வாங்கிக்கொள்பவள் பாட்டி. அந்த ஒரு வாக்கியத்தினுள் ஆறுதலும் உண்டு, அனுபவ அறிவும் உண்டு, உடலுக்கு ஓய்வும் உண்டு. இன்று பெருநகரங்களிலே கட்டணம் வாங்கிக்கொண்டு வழங்கப்படும் உளவள ஆலோசனையின் சாரமும் இதுதான். அந்தப் பாட்டியைக் கப்பலேற்றிக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டு, 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் எஞ்சியவர்களின் லயங்களையும் எரித்துவிட்டு, 'இவர்களுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியாது' என்று பேசுவது எத்தகைய நேர்மை? எஞ்சியிருந்தோரின் குடியுரிமைப் பிரச்சினைக்கு முடிவுகட்டும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் எந்த நாட்டவர் என்றே தெரியாமல் வாழ்ந்த பெற்றோர், தம் பிள்ளைக்கு எந்த நம்பிக்கையை ஊட்டியிருக்க முடியும்?

பெற்றோரின் துயரத்துக்கு அரசு அளித்த மறுமொழியைப் பார்ப்போம். தோட்டத்துக் கூலி போதாமையால் பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டு வேலைக்குச் சென்றனர். 2013ஆம் ஆண்டில் அரசு 'குடும்பப் பின்னணி அறிக்கை' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் அவ்வேலைக்குச் செல்லக் கூடாது. மூத்த பிள்ளைகள் இருப்பின் அவர்களைக் காக்க ஆள் உண்டு என்று காட்ட வேண்டும். தந்தை வெளிநாடு சென்றால்? அவரிடம் இத்தகைய அறிக்கை கேட்கப்படவில்லை. பிள்ளை வளர்ப்பில் தந்தைக்குப் பங்கில்லை என்பதைச் சட்டமே முத்திரை குத்திச் சொல்லிற்று. தாயைத் தடுத்த அரசு, அவள் வீட்டிலிருந்தால் உண்பதற்கு என்ன வழி செய்தது? அதைக் கேட்பாரில்லை. பின்னர் 2022ஆம் ஆண்டிலே நாட்டின் அந்நியச் செலாவணி வற்றியபோது, ஐந்து வயது என்ற எல்லை இரண்டு வயதாகக் குறைந்தது. குழந்தைக்குத் தாய் தேவைப்படும் காலம் எவ்வளவு என்பதைக் குழந்தை நல மருத்துவர் முடிவுசெய்யவில்லை, கருவூலம் முடிவுசெய்தது!

2021ஆம் ஆண்டில், மலையகத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குச் சென்ற பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி தீக்காயங்களோடு மருத்துவமனையில் மாண்டாள். நாடே பதைத்தது. ஆனால் அந்தப் பதைப்பின் நடுவிலும் ஒரு குரல் ஓங்கி எழுந்தது: "பெற்றவர்கள் ஏன் அனுப்பினார்கள்?" வேலைக்கு வைத்தவர் யார், தரகர் யார், அச்சிறுமியின் கல்வியை நிறுத்திய வறுமையின் முதலாளி யார் என்பனவெல்லாம் பின்னுக்குப் போயின. மகளைப் பறிகொடுத்த தாய் ஒரே நாளில் இருமுறை தண்டிக்கப்பட்டாள். இவ்வாறான தாய்மாருக்கு ஆறுதல் கூறுவதற்கென அமைந்த ஒரு நிலையான ஏற்பாடு அவர்களுடைய தோட்டங்களில் உண்டா என்று அந்நாட்களில் கேட்டவர் மிகச் சிலர்.

"மனவுறுதி இல்லாதவர்கள், ஒழுக்கமும் பக்தியும் வளர்ந்தால் எல்லாம் சரியாகும்" என்பது உபதேசிகளின் கட்சி. இக்கட்சிக்கு இலங்கையின் சொந்த வரலாறே விடை சொல்கிறது. 1995ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலையால் மாண்டனர். உலகிலேயே மிக உயர்ந்த வீதங்களில் ஒன்று அது. அதன்பின் மிகக் கொடிய பூச்சிகொல்லிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்யப்பட்டன. இருபது ஆண்டுகளுக்குள் அந்த வீதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. மக்களின் மனவுறுதி திடீரென மும்மடங்காகிவிட்டதா? இல்லை. ஒரு கணத்துத் துயரம் மரணமாக முடிவதற்குத் துணைநின்ற நஞ்சு கைக்கெட்டாமற் போயிற்று; அக்கணத்தைக் கடந்தவர் பல்லாயிரவர் உயிர் பிழைத்தனர். சூழலை மாற்றினால் உயிர் காக்கலாம். உபதேசத்தால் அது கூடவில்லை. தற்கொலைக்குப் பொருந்துவது பிள்ளையின் முதுகில் விழும் அடிக்கும் பொருந்தும்.

உபதேசிகளோடு மட்டும் நமக்கு வழக்கில்லை. நம்முடைய தோழர்கள் சிலரோடும் வழக்கு உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

"சம்பளத்தை உயர்த்து, லயத்தை உடைத்து வீடு கட்டிக் கொடு, காணியுரிமை கொடு, மற்றவை தாமே சரியாகும். உளவளத்துணை, ஆற்றுப்படுத்தல் என்பனவெல்லாம் வர்க்கப் போராட்டத்தை மழுங்கடிக்கும் நடுத்தர வர்க்க ஆடம்பரங்கள்" என்று அவர்கள் கூறுவர். முதற்பாதியை நான் எழுத்துக்கு எழுத்து ஏற்கிறேன். இரண்டாம் பாதி தவறு. அது தவறு என்பதை உணர்ச்சியால் அன்றி, சான்றால் காட்டுவோம். பாகிஸ்தானின் இராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில் மனச்சோர்வுற்ற கருவுற்ற பெண்கள் எண்ணூற்றுக்கு மேற்பட்டோரிடையே நடத்தப்பெற்ற ஆய்வு ஒன்று 2008ஆம் ஆண்டில் வெளிவந்தது. அங்கே மனநோய் மருத்துவர்களை அனுப்பவில்லை. அந்தந்த ஊரிலேயே பணியாற்றிய சாதாரணச் சுகாதாரப் பணிப்பெண்களுக்குக் குறுகிய பயிற்சி அளித்தனர். அவர்கள் பேறுகாலத்துக்கு முன்னும் பின்னுமாகப் பதினாறு முறை வீடு தேடிச் சென்று, தாயோடு அமர்ந்து பேசினர். அவள் மனத்தில் ஓடிய இருண்ட எண்ணங்களை இனங்காண உதவினர். குடும்பத்தாரையும் பேச்சில் சேர்த்துக்கொண்டனர். ஆறாம் மாதத்தில், இவ்வுதவி பெற்றவர்களுள் நூற்றுக்கு 23 பேரே மனச்சோர்வில் இருந்தனர். வழக்கமான வருகை மட்டும் பெற்றவர்களுள் நூற்றுக்கு 53 பேர் இருந்தனர். அப்பெண்களின் வறுமை அந்த ஆறு மாதத்தில் ஒழியவில்லை. வறுமைக்கிடையிலும் பாதிப் பேருக்கு மேற்பட்டவர்களின் மன இருள் விலகியது. அவர்களுடைய குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது. தடுப்பூசிகள் கூடுதலாக முழுமைபெற்றன.

ஆனால் அதே ஆய்வின் மற்றொரு முடிவை உபதேசிகளும் கேட்கட்டும். அக்குழந்தைகளின் எடையிலும் உயரத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு ஏற்படவில்லை. தாயின் மனம் தேறியது. பிள்ளையின் எலும்பு வளரவில்லை. பேச்சு மனத்தை ஆற்றும். பேச்சால் வயிறு நிறையாது. இலங்கையில் 2016ஆம் ஆண்டின் சனத்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுள் வயதுக்கேற்ற உயரமில்லாதவர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப் பகுதிகளிலோ நூற்றுக்கு 32 பேர். எனவே, கூலியும் வீடும் கேட்கும் போராட்டத்தையும் மனத்துக்குத் துணை கேட்கும் போராட்டத்தையும் எதிரெதிரே நிறுத்துபவர், எத்தரப்பினராயினும், அறிந்தோ அறியாமலோ துரைமாருக்கே துணைபோகின்றனர். நாளை வரப்போகும் புதிய சமுதாயத்துக்காக இன்று பிறந்த குழந்தை காத்திருக்க முடியாது. அதன் முதல் ஆண்டுகள் திரும்பி வருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. மனம் ஒடிந்தவள் சங்கக் கூட்டத்துக்கு வருவதில்லை. 'எல்லாம் என் தலையெழுத்து' என்று நம்புகிறவள் உரிமை கேட்பதில்லை. 1930களில் கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளரை ஒன்றுதிரட்டிய காலத்தில், அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மை லயங்கள்தோறும் சென்று பாட்டிசைத்தார். அவர் பாடியது பொழுதுபோக்கவா? தம் துயரம் தம்முடையது மட்டுமன்று என்று பெண்களை உணரச் செய்ததே அப்பாட்டு ஆற்றிய பணி. துயரத்துக்குப் பேச்சுக் கிடைக்கும்போதுதான் அது கோரிக்கையாக மாறும். தேற்றுவதும் திரட்டுவதும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல.

அவ்வாறாயின் எத்தகைய துணை வேண்டும்? எது வேண்டாம் என்பதை முதலிற் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமையின் ஒரே ஓய்வையும் பறித்து, மண்டபத்தில் உட்காரவைத்து, 'நல்ல பெற்றோராவது எப்படி' என்று விரிவுரை செய்து, பிஸ்கற்றும் தேத்தண்ணியும் கொடுத்துப் படம் பிடித்து அனுப்பும் கூட்டங்கள் வேண்டா. அங்கே பேசுபவர் பேசிக்கொண்டே இருக்கிறார். தாய் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஆற்றுப்படுத்தல் என்பது இதற்கு நேர் எதிரானது. அங்கே தாய் பேச வேண்டும். மற்றவர் கேட்க வேண்டும்.

அதற்கான இடம் தோட்டத்திலேயே இருக்கிறது: பிள்ளைக் காம்பரா. அது தாய்மீது கொண்ட இரக்கத்தால் பிறந்ததன்று. அவளுடைய கைகள் தேயிலைச் செடிக்கு வேண்டியிருந்தமையால் பிறந்தது. இன்று அதற்குச் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று பெயர். காலையும் மாலையும் ஒவ்வொரு இளந்தாயும் அங்கே வருகிறாள். அங்கே பணிபுரியும் பெண் அவளுடைய மொழி பேசுபவள். அவளுடைய வாழ்வை அறிந்தவள். ஆப்பிரிக்காவில் சிம்பாப்வே நாட்டின் தலைநகரமான ஹராரேயிலே, 2006ஆம் ஆண்டு முதல், பயிற்சி பெற்ற பாட்டிமார் மருத்துவ நிலையங்களின் வெளியே மரப் பலகைகளில் அமர்ந்து, மனம் நொந்து வருவோரின் குறை கேட்டு, வழிகாட்டி வருகின்றனர். அப்பாட்டிமாரின் பணியால் நோயாளரின் துயர் தெளிவாகக் குறைந்தமை 2016ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் மெய்ப்பிக்கப்பட்டது. அந்நாடும் வறிய நாடுதான். அங்கே இயன்றது அட்டனிலும் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் ஏன் இயலாது? கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்ட மூதாட்டியர் லயந்தோறும் இருக்கின்றனர். நாம் கப்பலேற்றி அனுப்பிய பாட்டியை, பயிற்சியும் ஊதியமும் மதிப்பும் கொடுத்து மீண்டும் அழைத்துவருவோம்.

பேறுகாலத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டறிய, எடின்பரோவிலே 1987ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட பத்துக் கேள்விகள் கொண்ட அளவுகோல் உலகெங்கும் வழங்குகிறது. அது தமிழிலும் உண்டு. ஸ்கொட்லாந்து நமக்கு ஜேம்ஸ் டெய்லரையும் தேயிலையையும் துரைமாரையும் தந்தது. இந்தப் பத்துக் கேள்விகளையும் அங்கிருந்து பெற்றுக்கொள்வதில் தவறில்லை. ஆனால் கேள்வி கேட்பவருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும். 2012ஆம் ஆண்டின் குடிமதிப்பின்படி நுவரெலியா மாவட்ட மக்களுள் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர். தமிழும் ஆட்சிமொழி என்று அரசியலமைப்பு 1987ஆம் ஆண்டிலேயே கூறிவிட்டது. காய்ச்சலைச் சைகையால் காட்டலாம். நெஞ்சுக்குள் இருக்கும் பாரத்தைச் சைகையால் காட்ட முடியுமா? 2017ஆம் ஆண்டு மே மாதம் டிக்கோயா வைத்தியசாலையின் புதிய கட்டடத்தை இந்தியப் பிரதமரே வந்து திறந்துவைத்தார். சுவர்கள் வந்தது நன்று. அச்சுவர்களுக்குள் ஒரு தாய் தன் தாய்மொழியில் அழுது சொல்வதைப் புரிந்துகொள்ளும் செவி எந்நாளும் இருக்க வேண்டும் என்பதே நம் கோரிக்கை.

ஆகவே திட்டவட்டமாகக் கேட்போம். முதலாவது: இத்துணை வேலை நேரத்திலேயே, சம்பளம் குறையாமல் கிடைக்க வேண்டும். தேற்றரவு பெறப் போனவளுக்கு அரைப்பேர் போடும் ஏற்பாடு தேற்றரவே அன்று. இரண்டாவது: இதில் தோட்ட நிர்வாகத்துக்குக் கையும் இருக்கக் கூடாது, காதும் இருக்கக் கூடாது. காலையில் சொன்ன இரகசியம் மாலையில் கணக்கப்பிள்ளையின் காதுக்கு எட்டும் இடத்தில் எவரும் வாய் திறவார். பொறுப்பு அரசின் சுகாதாரத் துறையினுடையது. மூன்றாவது: தந்தையரும் இதற்குள் வந்தாக வேண்டும். சாராயத்தின் வரியால் கருவூலத்தை நிரப்பும் அரசு, குடியைத் தொழிலாளியின் இழிகுணமாக மட்டும் பேசுவது கபடம்; எனினும் அக்கபடத்தைக் காட்டித் தந்தை தப்பித்துக்கொள்ளவும் கூடாது. தாயை மட்டும் அழைத்து அவளுக்கு மட்டும் பொறுமை கற்பிப்பது, அவள் தலையில் மேலும் ஒரு கூடையை ஏற்றுவதாகும். நான்காவது: கடும் மனநோயுற்றவரை உரிய மருத்துவரிடம் சேர்க்கும் வழியும், போக்குவரத்துச் செலவும், திரும்பி வந்தபின் தொடர் கவனிப்பும் உறுதிசெய்யப்பட வேண்டும். அங்கொடைத் தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி எண் இருக்கிறது. அவ்வெண்ணை லயத்துச் சுவர்களில் எழுதிவைப்பது மாணவர் ஒரு நாளிலே செய்யக்கூடிய பணி.

இவை யாவும் தருமமாகக் கேட்கப்படுபவை அல்ல. இத்தீவின் பெயரை உலகச் சந்தையில் நிறுத்திய தேயிலை அத்தாய்மாரின் விரல்களால் பறிக்கப்பட்டது. அவ்விரல்கள் தம் பிள்ளையை வருடும் வலிமை மிச்சமின்றிக் களைத்திருக்குமானால், அந்த மிச்சம் எங்கே போயிற்று என்பதை ஏல விற்பனைக் கணக்குகளில் தேடுங்கள்.

புறநானூற்றிலே பொன்முடியார் பாடிய பாட்டொன்று தமிழாசிரியர் அனைவரும் அறிந்தது. பெறுவதைத் தாய்க்கும், சான்றோனாக்குவதைத் தந்தைக்கும், வேல் வடித்துக் கொடுப்பதைக் கொல்லனுக்கும், நல்லொழுக்கம் தருவதை வேந்தனுக்கும் கடமையாக அது வகுக்கிறது. அது போர்க்காலத்துப் பாட்டு. அதன் போர் நமக்கு வேண்டா. ஆனால் அதன் கணக்கு எண்ணத்தக்கது. ஒரு பிள்ளையை வளர்க்கும் கடனை அது தாய், தந்தை, தொழிலாளி, அரசு என நால்வருக்குப் பங்கிட்டது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் வந்த நாமோ, நால்வரின் கடனையும் ஒருத்தியின் முதுகில் கட்டிவிட்டு, அவள் தடுமாறும்போது கைகொட்டி நகைக்கிறோம்.

ஆசிரியத் தோழர்களே! மாணவ நண்பர்களே! சட்டங்கள் மாறும்வரை நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லை என்று எண்ண வேண்டா. தழும்போடு ஒரு பிள்ளை வகுப்புக்கு வந்தால், அதைக் கண்டும் காணாதவராய் இருக்க வேண்டா. பிள்ளையைக் காப்பது நம் முதற் கடமை. ஆபத்து உண்டென்று கண்டால் தயங்காமல் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். ஆனால் தாயை அழைக்கும்போது நாலு பேர் முன்னிலையில் நிறுத்தாதீர்கள். வேலை முடிந்த நேரத்தில் நீங்களே போங்கள். அவளுக்கு ஒரு நாற்காலி கொடுங்கள். அல்லது அவளோடு இஸ்தோப்பிலே உட்காருங்கள். 'ஏன் அடித்தாய்?' என்று தொடங்காதீர்கள். 'உங்களுக்கு எப்படி இருக்கிறது?' என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை பேசாமல் இருங்கள். அந்த மௌனம் ஆசிரியருக்குக் கடினமானது. நம் தொழிலே பேசுவதல்லவா?

நான் அவமதித்த அந்தத் தாயிடம் இந்தக் கேள்வியை நான் கேட்கவேயில்லை. அவள் பையன் அடுத்த ஆண்டு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டான். அவள் இன்னும் எந்தப் பீலிக்கரையில் நிற்கிறாளோ, அறியேன். அவளுக்கு நான் பட்ட கடன் தீரவில்லை. இக்கட்டுரை அதற்கு வட்டி. முதலைத் திருப்பித் தருவதற்கு நாம் அனைவரும் சேர்ந்தாக வேண்டும்.